மலரின் தூக்கக் குறிப்பில் நான் எழுதாதது

செந்தில்,

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து போன் பண்ணினாய். பத்திரிகையில் யார் யார் பெயரைப் போடுவது, கூடுவாஞ்சேரியிலிருந்து பெண் வீட்டார் வருவதற்கு எத்தனை வேன் சொல்வது என்று எல்லாம் பேசி முடித்தோம். வைக்கப்போகிற நேரத்தில், "உமாகிட்ட சொல்லிட்டேன்ப்பா, நமக்குக் குழந்தை வேணாம்னு. யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கா" என்றாய். ஏன்டா என்று கேட்டேன். "ஒரு குழந்தையைப் பாத்துக்கற லட்சணம் எங்கிட்ட இல்லன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாய். அழுகையோ கோபமோ இல்லை, பால் வாங்க மறந்துவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னாய். உன்னிடம் அந்த லட்சணம் இல்லை என்று உன்னை நம்பவைத்தவன் நான். நம்பவிட்டு, பத்து வருடம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நடுவில் நீ "விடுங்கப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

உன் தங்கையை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உமாவும் இதைப் படிக்க வேண்டும். மலர் பிறந்தபோது உனக்கு எட்டு வயது. ஒரு வயது வரை அவளைப்போல் சமத்தான குழந்தை டவுன்ஷிப்பிலேயே கிடையாது. எழுப்பிப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தால் எழுந்ததுதான். சுவர்க் காலண்டரைக் கிழிப்பாள், நகத்தைப் பிய்த்து ரத்தம் வரவைப்பாள், அரிசி டின்னைக் கவிழ்ப்பாள். மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டில் முகம் வைத்துத் தூங்குவாள். சந்தோஷம் வந்தால் தன் இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள், ஞாபகம் இருக்கிறதா? திருஷ்டி என்றார்கள், வளர்ப்பு சரியில்லை என்றார்கள். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு உன் அம்மா எத்தனை நடை நடந்தாள் என்று எனக்குக் கணக்கே தெரியாது. மலருக்கு ஏழு வயதில்தான் சென்னையில் ஒரு டாக்டர், ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, பதினேழாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை என்றார். பல ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவதாம். எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்து, "உங்ககிட்டேருந்து வரல. கரு உண்டாகும்போதே நேர்ந்துபோனது. பெரிய பையனைப் பத்தி இதுல கவலைப்பட ஒண்ணுமில்ல" என்றார். அதையும் உமாவுக்குச் சொல். அந்தத் துண்டு விடுபட்டது நம்மில் யார் செய்த தப்பும் இல்லை. மற்றது அப்படியில்லை.

அந்த டாக்டர்தான் எங்களை சைக்காலஜி மேடத்திடம் அனுப்பினார். நான் மருந்து தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேடம் மருந்து எதுவும் எழுதவில்லை. கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது முழித்தாள், பகலில் எவ்வளவு தூங்கினாள், கடைசிக் கட்டத்தில் 'நீங்கள் என்ன செய்தீர்கள்' என்று இருந்தது. "அதுதான் சார் முக்கியம். அவ செஞ்சதை விட நீங்க செஞ்சதை மறைக்காம எழுதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாண்டில் இருபது வருடமாக லாக் புக் எழுதுகிற ஆளிடம் போய் மறைக்காமல் எழுது என்கிறாரே என்று. ஒரு வால்வைக் கண்ணால் பார்க்காமல் 'மூடியுள்ளது' என்று நான் எழுதியதில்லை. ஜூனியர் ஒருவன் பார்க்காமல் டிக் போட்டதற்காக அவனோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நான். முதல் இரண்டு வாரம் உண்மையாகத்தான் எழுதினேன். அதை வைத்து மேடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மூன்று மணிக்கு மலர் எழுந்தால் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று உன் அம்மா பிஸ்கட் கொடுப்பாள், நான் டிவியைப் போடுவேன். "முழிச்சா விருந்துன்னு புள்ளைக்குக் கத்துக் குடுத்திருக்கீங்க" என்றார். உன் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மேடம் உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கமில்லாத அம்மா எல்லாரும் இதைத்தான் செய்வாங்க, உங்க தப்பு இல்ல" என்றார்.

பிறகு அவர் சொன்ன ஏற்பாடு உனக்குத் தெரியும், நீயும் கூட இருந்து செய்தாய். மத்தியானத் தூக்கம் அரை மணிக்கு மேல் கூடாது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நடக்க வைக்க வேண்டும். குளியல், தோசை, படுக்கை, விளக்கணைப்பது என்று நான்கு படம் வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். ராத்திரி எழுந்தால் விளக்கில்லை, பிஸ்கட் இல்லை, ஒரே ஒரு வார்த்தை, "இன்னும் விடியல, மலர்", அவ்வளவுதான். கதவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். "அவளுக்குத் தூக்கம் கலையறதை நம்மால அடியோட நிறுத்த முடியாது சார். அவ உடம்புல ராத்திரி பகலே இடம் மாறிக் கிடக்கு. ஆனா முழிச்சதும் எங்க போகணும்கறதை நாம கத்துக் குடுக்கலாம். கதவைச் சாத்திப் பூட்டாதீங்க. மணி ஒண்ணு கட்டுங்க. கதவைத் திறந்தா நேரா அம்மா பாய்க்கு வந்து படுக்கணும், அதைப் பகல்ல விளையாட்டாப் பத்துத் தடவை பழக்குங்க. தினமும். ரெண்டு மாசம் ஆகும், மூணு மாசமும் ஆகும்." நீ அந்த விளையாட்டை இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடினாய். நீ ஹாலில் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாய். அவள் அறைக் கதவைத் திறந்து, மணி கிணுகிணுக்க ஓடிவந்து உன் மேல் விழுவாள். நீ கை தட்டுவாய். அவள் தன்னையே கட்டிக்கொண்டு சிரிப்பாள். பத்தாவது தடவைக்கு அவளே பாயில் படுத்துக் குறட்டைவிடுவதுபோல் நடித்தாள். அவளுக்குக் கற்றுக்கொள்ள முடியும் என்று அன்றைக்கு நானே கண்ணால் பார்த்தேன்.

பார்த்தும் நிறுத்தியது நான்தான். ப்ளஸ் டூ பரீட்சை வருகிறது, இது உன் வேலையில்லை என்று உன்னை விரட்டினேன். உன் அம்மாவால் தனியாக முடியவில்லை. எனக்கோ ஷிஃப்ட் மாறி மாறி வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் கண்ணயர்ந்தால் மணி கிணுகிணுக்கும். மூன்றாவது வாரம் மணியை அவிழ்த்துவிட்டு, புதுப்பட்டினத்தில் இரும்புக் கடை பாயிடம் போய்த் தாழ்ப்பாள் கேட்டேன். எங்கே மாட்டப்போகிறேன் என்று கேட்டார். கதவுக்கு வெளிப்பக்கம் என்றேன். "இன்னா சார், வூட்டுக்குள்ள யாரை வச்சிகினு பூட்டப் போறீங்க?" என்று சிரித்தார். அவர் தமாஷுக்குத்தான் சொன்னார். நான் வாங்கிக்கொண்டு வந்து மாட்டினேன். உன் அம்மா "வேணாங்க, அந்தம்மா அவ்வளவு சொன்னாங்க" என்றாள். "அந்தம்மாவை நம்ம வீட்டுல வந்து ஒரு வாரம் படுக்கச் சொல்லு" என்று கத்தினேன். ராத்திரி ஒன்பதுக்குத் தாழ் போடுவோம். உள்ளே அவள் கதவைத் தட்டுவாள், ஒரு வாரத்தில் தட்டுவதும் நின்றது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். திறக்காத கதவைத் தட்டுவதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். திறந்த கதவுக்கு அப்பால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து முடிக்கவில்லை.

இதை மேடத்திடம் சொன்னேனா? இல்லை. தாளில் 'மணி கட்டப்பட்டுள்ளது' என்று எழுதினேன். 'பகல் பயிற்சி, பத்து முறை' என்று நாள் தவறாமல் டிக் போட்டேன். 'தானாக வந்து பாயில் படுத்தாள்' என்று வாரத்துக்கு ஐந்து நாள் எழுதினேன்; ஏழு நாளும் எழுதினால் நம்பமாட்டார் என்று இரண்டு நாளை விட்டேன். அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது. வேலையில் ஒரு நாளும் செய்யாததை வீட்டில் செய்தேன். ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆள் என்று அந்த அம்மா என்னைப் பற்றி நினைத்திருந்தார். பெண் குழந்தையை வெளியே தாழ் போட்டு அடைத்து வைக்கிற ஆள் என்று என் கையாலேயே எழுதிக்கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மேடம் அந்தத் தாள்களைப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம் காட்டி, "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதினதில்ல, பாத்துக்கோ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். கதவுப் பாடம் முடிந்தது என்று நம்பி, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் உண்மையை எழுதியிருந்தால் திட்டியிருப்பார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். ஒரு திட்டுக்குப் பயந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுதாவிட்டால் இவ்வளவு நேரம் எழுதியதற்கு அர்த்தமில்லை. உனக்குக் காலை ஐந்தரைக்குக் கணக்கு டியூஷன். உன் புத்தக அலமாரி மலர் படுக்கிற அறையில் இருந்தது. தினமும் தாழைத் திறந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி தாழ் போட்டுவிட்டு சைக்கிளில் போவாய். அன்றைக்கும் போனாய். அம்மா ஹாலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். நான் நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஆறே முக்கால். முன்கதவை என் சாவியால் திறந்துகொண்டு வந்தேன். மலர் என்ன செய்கிறாள் என்று பார்க்கலாம் என்று அறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது, செந்தில். முழுசாகப் போட்டு, கைப்பிடியைக் கீழே மடக்கியும் விட்டிருந்தாய். நான்தான் அதை நிமிர்த்தி இழுத்தேன். அவள் விடியற்காலைத் தூக்கத்தில் கட்டிலில் குறுக்கே கிடந்தாள். போர்வையை இழுத்துவிட்டேன். கையில் டிபன் கேரியர், தோளில் பை. கதவை வெறுமே சாத்திவிட்டு, குளித்துவிட்டு வந்து தாழ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குளிக்கவில்லை. பையை வைத்துவிட்டு எங்கள் அறைக் கட்டிலில் இரண்டு நிமிடம் என்று சாய்ந்தேன். முன்கதவையும் சாத்தினேனே தவிரப் பூட்டவில்லை.

உன் அம்மா அலறின சத்தத்தில் எழுந்தேன். நீ அப்போதுதான் டியூஷனிலிருந்து வந்து சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு கதவும் திறந்து கிடந்தன. அவள் ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து, "போகும்போது தாழ் போட்டியா இல்லியாடா?" என்று உலுக்கினாள். நீ "போட்டேம்மா" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாய். உன் அம்மா உன்னை அறைந்தாள், அவள் உன்னை அடித்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். நீ சந்தேகப்பட்ட அந்த ஒரு நொடியில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான். என் வாய் திறக்கவில்லை. முதலில் குழந்தையைத் தேடுவோம், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைப் பக்கம், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். எதிரில் சதுரங்கப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர் ஈர லுங்கியோடு வந்தார். "சார், அந்தாண்ட தேட வேணாம் சார். புள்ள இங்க கரையில கீது" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் தன் துண்டை அவள் மேல் போர்த்தியிருந்தார். "நாங்க பாக்க சொல்லவே மெதந்துகினு இருந்துச்சு சார், இல்லாங்காட்டி வுட்ருப்போமா?" என்று அவர் அழுதார். நீ மணலில் மண்டிபோட்டு உன் தலையிலேயே அடித்துக்கொண்டாய். உன் கையைப் பிடித்துத் தடுத்தேன். தடுத்தபோதும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது கோழைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து நான் செய்தது அதையும் தாண்டியது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் கதவு எப்படித் திறந்திருந்தது என்று கேட்டார். "பெரியவன் டியூஷனுக்குப் போற அவசரத்துல..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினேன். அவரே முடித்துக்கொண்டார். "சின்னப் பையன், விடுங்க சார்" என்று என் தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் நம் வீட்டில் நிலைத்துவிட்டது. பரீட்சையில் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாய். ஹாஸ்டலுக்குப் போன பிறகு உன் ரூமில் இருந்த பையன் என்னிடம், "அங்கிள், இவன் ராத்திரி நாலு தடவை எழுந்து கதவை இழுத்துப் பாக்கறான்" என்றான். காலம் போனால் சரியாகிவிடும் என்றேன். மேடத்திடமிருந்து அடுத்த வருகைக்கான தபால் அட்டை வந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். அவர் தன் ஏற்பாடு எங்கே தவறியது என்று தெரியாமலே இன்னொரு குழந்தைக்கு என் தாள்களை உதாரணம் காட்டியிருக்கலாம். போன மாதம்தான் அவருக்கும் எழுதினேன். பதில் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இதை எனக்குத் தெரிந்த விஷயமாகச் சொல்கிறேன், அப்பாவாக இல்லை. குழந்தை பெறுவதும் வேண்டாம் என்பதும் நீயும் உமாவும் பேசி எடுக்கிற முடிவு. வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அந்த முடிவு இந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு குழந்தையைப் பாதுகாக்கத் தெரியாதவன் நீ இல்லை. அந்த வீட்டில் அவளோடு பத்துத் தடவை விளையாடியவன் நீ ஒருவன்தான். உங்களுக்குப் பிறக்கிற குழந்தை தூங்கினாலும் தூங்காவிட்டாலும், யாரிடம் உதவி கேட்டுப் போனாலும், நீங்கள் செய்ததை அப்படியே சொல்லுங்கள். கத்தியதை, அடித்ததை, கதவைப் பூட்டியதை, தூங்கிப்போனதை. வெட்கப்பட்டுச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். உதவ வருகிறவர்களுக்கு நல்லவர்களாகத் தெரிய ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று உனக்கு இப்போது தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைத்தான் தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் உன் அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாளே, கடைசி வாரம். நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அவனை நான் அன்னிக்கு அடிச்சிருக்கக் கூடாது. நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சுன்னு அவன்கிட்ட சொல்லுங்க. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றாள். அவளிடம் உண்மையை என்னால் அப்போது சொல்லியிருக்க முடியும். அவள் காது நன்றாகக் கேட்டது. நான் "சரிம்மா" என்றேன். நீ வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. வராந்தாவில் உன்னை நிறுத்தி, "அம்மா உன்னை மன்னிச்சிட்டாடா" என்று சொன்னேன். நீ என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய், "தேங்க்ஸ்ப்பா" என்றாய். என் முதுகில் உன் கை இருந்தது. உன்னைத் தட்டிக்கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தைப் பெரியப்பாவுக்கும் சித்திக்கும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். உமாவின் அப்பாவிடம் நீ காட்டினாலும் சரி, நானே போய்ச் சொல்ல வேண்டுமென்றாலும் போகிறேன். மணவறையில் பெரியப்பாவை உட்கார வை. பத்திரிகையில் என் பெயரை எடுத்துவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நீ வரச் சொன்னால் வருவேன், வராதே என்றால் இங்கேயே இருப்பேன். மன்னிப்பு என்ற வார்த்தையை உன்னிடம் கேட்கமாட்டேன், அதை ஏற்கெனவே ஒரு தடவை நான் திருடியிருக்கிறேன். யாரிடமெல்லாம் பொய் சொன்னேனோ அவர்கள் எல்லோருக்கும் இப்போது உண்மையை எழுதிவிட்டேன், ஒருத்தியைத் தவிர. அவள் ஒரு தப்பும் செய்யாத பிள்ளையை மன்னித்துவிட்டுச் செத்துப்போனாள்.

அப்பா